ஒரே பானை, வேறு கோப்பை

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளையொட்டி, பழைய மாணவியரான தாய்மாருக்காகக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற கருத்தமர்வில், ஒரே வகுப்பில் படித்த மூவர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் மூவரும் கடைசியாக ஒன்றாக அடுப்புக்கு முன்னால் நின்றது இந்தக் கல்லூரியில், மனைப்பொருளியல் செய்முறைப் பரீட்சை நாளன்று. அன்று நாங்கள் அவித்த புட்டு நீத்துப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. களியாகிப் போயிருந்தது. மா சரியில்லை என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம். ரீச்சர் சிரித்துவிட்டு, "மாவைக் குறை சொல்லாதேங்கோ பிள்ளையள், விட்ட தண்ணியைப் பாருங்கோ" என்றார். அந்தச் சொல்லை இன்றைய பேச்சின் முடிவில் உங்களுக்கு மறுபடி நினைவூட்டுவோம்.

எங்களில் ஒருத்தி இப்போது அதே பாடத்தைப் படிப்பிக்கிறாள். மற்றவள் குடும்பநல உத்தியோகத்தர். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளை நிறுத்துப் பார்ப்பவள். மூன்றாமவள் வீட்டில் தைத்துக்கொண்டு, கொஞ்சம் தோட்டமும் செய்துகொண்டு, ஆறு வயது மகளையும் மூன்று வயது மகனையும் வளர்ப்பவள். சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவள். உரையைச் சொல்வது ஒருத்தி என்றாலும் பேசுவது மூவரும். ஆகையால் யார் யார் எது சொன்னது என்று பிரிக்காமல் 'நாங்கள்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

எடுத்துக்கொண்ட விடயம் சின்னது. வீட்டில் தாய்க்கோ தகப்பனுக்கோ உணவுக் கட்டுப்பாடு சொல்லியிருக்கிறார்கள். அதே வீட்டில் சிறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு என்ன சமைப்பது, யாருக்கு எப்படிப் போடுவது? சின்ன விடயம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். எங்களில் ஒருத்தியின் வீட்டில் அது எவ்வளவு பெரிதாகியது என்பதை முதலில் சொல்கிறோம்.

கோடு சரிந்த கதை

இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று கிளினிக்கில் சொன்ன நாள். சோற்றைக் குறைக்க வேண்டும், சீனியை நிறுத்த வேண்டும், தேங்காயையும் எண்ணெயையும் மட்டுப்படுத்த வேண்டும் என்று சொன்னார்கள். சொன்னது எல்லாம் சரி. அவள் வீட்டுக்கு வந்தாள். தனக்கு ஒரு சமையல், பிள்ளைகளுக்கு ஒரு சமையல் என்று இரண்டு நாள் செய்து பார்த்தாள். விறகும் நேரமும் போதவில்லை. மூன்றாம் நாள் ஒரு முடிவு எடுத்தாள்: இனி முழு வீட்டுக்கும் ஒரே சாப்பாடு, தன்னுடைய சாப்பாடு. சொதிக்குத் தேங்காய்ப்பால் இல்லை. காலையில் எல்லோருக்கும் தண்ணியான குரக்கன் கஞ்சி. முட்டை கொழுப்பு என்று நின்றது. பொரியல் நின்றது. "நல்ல சாப்பாடுதானே, பிள்ளையளுக்கும் நல்லது" என்று அயலவர்களும் மெச்சினார்கள்.

இரண்டு மாதம் கழித்து மகனை நிறுக்கப் போனாள். கிளினிக் கொப்பியில் அவனுடைய நிறைக் கோடு மேலே போவதை விட்டுப் படுத்திருந்தது. அடுத்த மாதம் கீழே சரிந்தது. தராசுக்குப் பக்கத்தில் நின்றவள் எங்கள் வகுப்புத் தோழி. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அன்றுதான் இந்தப் பேச்சு தொடங்கியது.

அதிசயம் என்னவென்றால், தாயின் சீனியும் இறங்கவில்லை. பிள்ளை மெலிந்ததுதான் மிச்சம். ஏன்? காலையில் என்ன, மத்தியானம் என்ன, இரவு என்ன என்று கேட்டோம். சொன்னதெல்லாம் அளவான சாப்பாடு. எங்கேயோ கணக்கு உதைத்தது. பிறகு ஒரு நாள் பொழுதுக்கும் அவள் வீட்டில் இருந்து பார்த்தோம். பிள்ளைகளுக்குப் பிடிக்காத கஞ்சி மிஞ்சியது, அம்மா குடித்தாள். மகள் பாதியில் வைத்த சோறு. அம்மா குழைத்து வாயில் போட்டாள். இரவு பத்து மணிக்குப் பானையை வழித்து, இருந்த சோற்றுக்குச் சம்பல் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். "இதை ஏன் எங்களிட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டோம். அவள் சொன்ன பதில்: "அது சாப்பாடு இல்லையே, மிச்சம்தானே!"

அக்காமாரே, இந்த மண்டபத்தில் எத்தனை பேர் மனதுக்குள் சிரிக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

சோற்றைக் கொட்ட வராத கை

இதற்காக யாரையும் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. வன்னியில் ஒரு தாய்க்கு மிஞ்சிய சோற்றைக் கொட்டக் கை வராது. அதற்குக் காரணம் உண்டு. 2009 ஆம் ஆண்டின் அந்த முதல் ஐந்து மாதங்களில் ஒரு அகப்பைக் கஞ்சிக்காக வரிசையில் நின்றவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதன் பிறகு செட்டிகுளம் முகாம்களில் சமைத்த சோற்றுக்குக் கோப்பையோடு நின்றோம். மீளக் குடியேறிய பிறகு தறப்பாள் கொட்டிலுக்குள் உலர் உணவை வைத்துச் சீவித்தோம்: அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். அந்த நாளில் அது உயிரைக் காத்தது. ஆனால் வயிறு நிரம்ப வேண்டுமானால் சோறும் மாவும் சீனித் தேத்தண்ணியும்தான் என்ற பழக்கமும் அதோடு சேர்ந்து எங்களிடம் தங்கிவிட்டது. 2022 இல் விலைவாசி ஏறியபோது மீனும் முட்டையும் பால்மாவும் குறைந்தன. பழையபடி சோறு கூடியது.

கணவனை இழந்து தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் எங்கள் மாவட்டங்களில் நிறையப் பேர். அவர்கள் வீட்டில் அடுக்களை ஒழுங்கு ஒன்றுதான்: பிள்ளைகள் முதலில், அம்மா கடைசியில், அம்மாவுக்கு மிஞ்சியது. மிஞ்சியதில் மீன் இருக்காது, கறி இருக்காது. சோறு இருக்கும். ஆகவே அம்மா சாப்பிடுவது அநேகமாகச் சோறு மட்டும். சீனி வருத்தக்காரிக்கு எது கூடாதோ அதையே பாசம் என்ற பெயரில் ஒவ்வொரு இரவும் சாப்பிடுகிறாள்.

இன்னொன்றையும் பார்த்திருக்கிறோம். உணவுக் கட்டுப்பாடு அப்பாவுக்கு என்றால் வீடே மாறும். உப்புக் குறைத்து அவருக்கு முதலில் எடுத்து மூடி வைப்போம். அம்மாவுக்கு என்றால், "நான் எப்பிடியும் சமாளிப்பன்" என்று அவளே சொல்லிவிடுவாள். அந்தச் சமாளிப்பின் விலை கண், சிறுநீரகம், கால். அதை ஆஸ்பத்திரியில் பார்க்கும்போது காலம் கடந்திருக்கும்.

இரண்டு வயிறு, இரண்டு தேவை

சீனி வருத்தம் உள்ள பெரியவருக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஏன் ஒரே கோப்பை பொருந்தாது?

பெரியவரின் உடம்பு, சோறு, மா, சீனி, கிழங்கு என்பவற்றிலிருந்து வரும் குளுக்கோசை ஒரே நேரத்தில் அதிகமாகத் தாங்காது. ஆகவே அவருக்கு மாப்பொருள் அளவாக, நார்ப்பொருள் நிறைய, புரதம் போதுமானதாக இருக்க வேண்டும். பிள்ளையின் வயிறோ சிறியது. ஆனால் அவன் வளர்கிறான், நாள் முழுக்க ஓடுகிறான். அவனுக்கு ஒவ்வொரு வாயிலும் சத்து அடர்த்தியாக இருக்க வேண்டும். ஒரு கிராம் மாப்பொருள் 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயிலோ நெய்யிலோ ஏறத்தாழ 40 கலோரி இருக்கிறது. தாய்க்கு அது கணக்குப் பார்க்க வேண்டியது. பிள்ளைக்கு அது வளர்ச்சி. தண்ணியான கஞ்சியும் வெறும் கீரையும் அவன் வயிற்றை நிரப்பும், உடம்பை நிரப்பாது. கீரையிலும் பப்பாசியிலும் பூசணியிலும் உள்ள விற்றமின் ஏ உடம்பில் சேர்வதற்கும் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

ஆகவே முழு வீட்டையும் அம்மாவின் கட்டுப்பாட்டுக்குள் இழுப்பது ஒரு பிழை. அம்மாவுக்குத் தனிச் சமையல் வைப்பது மற்றப் பிழை. அது ஒரு கிழமைக்கு மேல் நடக்காது. நாங்கள் கண்டுபிடித்த வழி இதுதான்: ஒரே பானையில் சமையுங்கள், கோப்பையில் வேறுபடுத்துங்கள். வித்தியாசம் அடுப்பில் இல்லை. இறக்கும் நேரத்திலும் பரிமாறும் அகப்பையிலும் இருக்கிறது.

எடுத்து வைத்துவிட்டுச் சேருங்கள்

சொதியை எடுத்துக்கொள்வோம். கடைப்பாலிலும் தண்ணீரிலும் வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், வெந்தயம் போட்டுக் கொதிக்க விடுங்கள். வெந்ததும் கட்டுப்பாடு உள்ளவரின் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். அதன் பிறகு மீதிக்கு முதற்பாலை விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். இரண்டு சொதி, ஒரு சட்டி.

மீன் குழம்பென்றால் நேர்மாறு. புளியும் மஞ்சளும் விட்டு மீன் வெந்ததும் பிள்ளைகளின் துண்டுகளை முதலில் எடுங்கள். பிறகு தூளைப் போட்டுக் கொதிக்க விடுங்கள். உப்பும் அப்படித்தான்: வீட்டில் பிரஷர் உள்ளவரும் சின்னப் பிள்ளையும் இருந்தால் அவர்கள் பங்கை எடுத்த பிறகு மற்றவர்களுக்கு உப்பைக் கூட்டுங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாவற்றிலும் இருக்கும் உப்பும் அந்த ஒரு கரண்டிக்குள் அடங்க வேண்டும்.

இனி அம்மாவின் கோப்பை. அதை மனதால் நாலாகப் பிரியுங்கள். இரண்டு பங்கு கீரையும் மரக்கறியும். ஒரு பங்கு மீன், முட்டை, பருப்பு, கடலை, கௌபி என்று ஏதாவது. மிச்சம் ஒரு பங்குதான் சோறு. மரவள்ளி, வற்றாளங்கிழங்கு, உருளைக்கிழங்கு, பலாக்காய் கறி வைத்தால் அவையும் சோற்றுப் பங்குக்குள் வரும். மரக்கறிப் பங்குக்குள் அல்ல. கறியையும் மீனையும் முதலில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், சாப்பாட்டுக்குப் பின் சீனி ஏறுவது குறையும். சோற்றை அளப்பதற்கு வீட்டில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் குறித்து வையுங்கள். தினமும் அதே கிண்ணம். கண்ணளவு ஏமாற்றும், பசித்த கண்ணளவு இன்னும் ஏமாற்றும்.

இங்கே சில நம்பிக்கைகளைத் திருத்த வேண்டும். குத்தரிசி தீட்டிய வெள்ளை அரிசியை விட நல்லது. தவிடும் நாரும் உண்டு. ஆனாலும் அது சோறுதான், அளவு வேண்டும். குரக்கனில் கல்சியம் நிறைய உண்டு. ஆனால் அதிலும் மாப்பொருள் அரிசியைப் போலத்தான். "குரக்கன் புட்டுத்தானே" என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் சீனி இரண்டு மடங்கு ஏறும். பனங்கட்டியும் எங்கள் காட்டுத் தேனும் நல்ல பொருட்கள். ஆனால் சீனி வருத்தக்காரிக்கு இரண்டும் சீனியே. அதோடு, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டும் வைக்காதீர்கள். அதில் இருக்கக்கூடிய கிருமி அந்த வயதில் ஆபத்தானது.

ஒரு நாள் கணக்கு

ஒரு நாளை எடுத்து நடந்து பார்ப்போம்.

காலையில் புட்டு. சிவப்பரிசி மாவும் குரக்கன் மாவும் பாதிக்குப் பாதி. முருங்கையிலை உருவிப் போட்டு அவியுங்கள். கூட ஒரு கடலைக் கறியோ மீன் குழம்போ. அம்மாவுக்குக் கிண்ணத்தால் ஒரு அளவு புட்டு, கறி இரண்டு அளவு. மகளுக்கு அதே புட்டோடு ஒரு முட்டை. மகனுக்கு அரைக் கிண்ணம், முதற்பால் சொதி விட்டுக் குழைத்து, ஒரு கதலிப் பழத்தையும் பிசைந்து. ஒரே நீத்துப்பெட்டி, மூன்று கோப்பை.

பத்து மணிக்குப் பிள்ளைகளுக்கு அவித்த கௌபி தேங்காய்ப்பூவோடு, அல்லது இடித்த கச்சானும் எள்ளும். முழுக் கச்சானைச் சின்னப் பிள்ளையின் கையில் கொடுக்காதீர்கள், புரைக்கேறும். இடித்தே கொடுங்கள். அம்மாவுக்கு ஒரு கொய்யா, அல்லது கைப்பிடி கச்சான்.

தேத்தண்ணிக் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். ஒரு நாளைக்கு ஐந்து தரம், ஒவ்வொரு தரமும் இரண்டு கரண்டி என்றால் 40 கிராம். ஒரு பெரியவர் நாள் முழுக்க எல்லா உணவிலும் சேர்த்து 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரேயடியாக நிறுத்தக் கஷ்டமென்றால் கிழமைக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள், நாக்கு பழகும். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்கவே வேண்டாம். உணவில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கும். அந்த இடத்தில் ஒரு துண்டு கொய்யாவோ தேசிக்காய்ப் புளியோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

மத்தியானம் குத்தரிசிச் சோறு, ஒரு மீன், ஒரு கீரை, பயிற்றங்காய்க் கறியோ பூசணிக் கறியோ, சொதி. முல்லைத்தீவுக் கடலில் சூடையும் நெத்தலியும் மலிவாகக் கிடைக்கும் நாட்களில் வாங்குங்கள். பெரிய மீனுக்குக் காத்திருக்க வேண்டாம். நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் வரும். சின்னவனுக்கு நன்றாக மசித்துக் கொடுங்கள். குளத்து மீனில் முள் அதிகம்; பிள்ளைக்குக் கொடுப்பவர் விரலால் தடவிப் பார்த்தே கொடுக்க வேண்டும்.

பின்னேரம் பிள்ளைகளுக்குப் பப்பாசியோ, எருமைத் தயிரோ, பாலைப்பழக் காலத்தில் பாலைப்பழமோ. கிளினிக்கில் சின்னவனுக்குத் திரிபோஷா தந்திருந்தால் அது அவனுடைய மருந்து மாதிரி. சோளமும் சோயாவும் சேர்ந்த மா அது. வீட்டில் எல்லோரும் சீனியும் தேங்காய்ப்பூவும் போட்டு உருண்டை பிடித்துச் சாப்பிட்டால் மெலிந்த பிள்ளைக்கு எதுவும் மிஞ்சாது. அம்மாவின் கை அந்தப் பொதிக்குள் போகக் கூடாது என்பதை எங்களில் ஒருத்தி வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறாள்.

கடைப் போத்தல்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 முதல் எங்கள் நாட்டில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிற வட்டம் போட வேண்டும் என்பது சட்டம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் சிவப்புத் தெரியும். கடையில் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை மகளிடம் கொடுத்தோம். இப்போது அவள் கடைக்காரருக்கே பாடம் எடுக்கிறாள். சீனிக்குப் பதிலாகப் பெரியவர்கள் பாவிக்கும் இனிப்புக் குளிசைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். கொழுப்பு நீக்கிய பாலையும் இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம்.

இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இடியப்பமும் சொதியும் முட்டையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் கோப்பையை முதலிலேயே போட்டு வையுங்கள். எல்லோரும் ஒரே பாயில் இருங்கள். அம்மாவும் இருக்க வேண்டும். "நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பிறகு" என்ற சொல்லை வீட்டை விட்டு அனுப்பிவிடுங்கள். கூட இருந்து கீரை சாப்பிடும் அம்மாவைப் பார்க்கும் பிள்ளை கீரை சாப்பிடும். சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. சாப்பிட்டபின் முற்றத்தில் பிள்ளைகளோடு கொஞ்சம் நடந்தால் சீனிக்கும் நல்லது.

மிச்சத்தை என்ன செய்வது? பிள்ளைக்கு முதலில் குறைவாகப் போடுங்கள். கேட்டால் மறுபடி போடுங்கள். அப்போது மிச்சமே குறையும். பானையில் கை படாமல் இருக்கும் சோற்றுக்குத் தண்ணீர் விட்டு வைத்தால் காலையில் பழஞ்சோறு. கோப்பையில் மிஞ்சியதைக் கோழிக்குப் போடுங்கள். அதைக் கொட்டுவதாக நினைக்காதீர்கள்; முட்டையாகத் திரும்பி வரும். எங்கள் தோழியின் மனதை மாற்றியது எங்கள் விரிவுரை அல்ல, இந்தக் கோழிக் கணக்குத்தான்.

சொல்லும் சொல்

சமையலை விடக் கவனமாக இருக்க வேண்டியது வாய்ச் சொல். "அம்மாவுக்கு வருத்தம், அதுதான் கீரை" என்று சொன்னால் கீரை வருத்தக்காரரின் சாப்பாடு ஆகிவிடும். பிள்ளை தள்ளி வைக்கும். "குழப்படி செய்யாமல் இருந்தால் இனிப்பு" என்றால் இனிப்புப் பரிசாகிவிடும். கண்ணாடிக்கு முன்னால் நின்று "நான் கொழுத்துப் போனன்" என்று அம்மா சொல்லச் சொல்ல, ஆறு வயது மகள் தன் வயிற்றைத் தடவிப் பார்க்கத் தொடங்குவாள். இது எங்கள் வீட்டில் நடந்தது. ஒரு நாள் அவள் கோப்பையைத் தள்ளிவிட்டு, "நானும் அம்மா மாதிரிக் கொஞ்சம்தான்" என்றாள். வளரும் பிள்ளைக்கு அந்தக் 'கொஞ்சம்' கேடு. இப்போது அந்த வீட்டில் சொல்வது இவ்வளவுதான்: "ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கோப்பை. உன்ர கோப்பை வளருற கோப்பை."

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

இன்சுலின் போடுபவர்களும் சில வகைக் குளிசை எடுப்பவர்களும் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. வெள்ளி, கந்தசஷ்டி, தவக்காலம் என்று உபவாசம் இருக்க விரும்பினால் முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள். வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் சீனி இறங்கியிருக்கலாம். அந்த நேரத்தில் சீனிதான் மருந்து: மூன்று தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் பொறுத்தும் சரிவராவிட்டால் மறுபடி குடித்து, பின் சாப்பிடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். இதை வீட்டில் மூத்த பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். தனியாக இருக்கும் தாய்க்கு அந்தப் பிள்ளைதான் துணை.

கர்ப்பகாலத்தில் வரும் சீனிக்கும், பிள்ளைக்கே வரும் சீனி வருத்தத்துக்கும் நாங்கள் சொன்ன கணக்குப் பொருந்தாது. அவற்றைக் கிளினிக்கில் சொல்லும்படியே நடத்த வேண்டும். திருவிழாக்களைப் பற்றியும் கேட்பீர்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்ப் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஒரு வாய் எடுங்கள். அன்று சோற்றுக் கிண்ணத்தைப் பாதியாக்குங்கள்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நாங்கள் சொன்னதில் கடையில் விலை கொடுத்து வாங்கும் 'டயட்' பொருள் ஒன்றும் இல்லை. வேலியில் முருங்கையும் அகத்தியும், கிணற்றடியில் பப்பாசியும் வாழையும், பின்வளவில் நாலு கோழியும் இருந்தால் பாதிக் கோப்பை வளவுக்குள்ளேயே கிடைக்கும்.

முடிவாக

எங்கள் தோழியின் சீனி இன்னும் முழுவதும் இறங்கவில்லை. ஆனால் இறங்கு முகம். மகனின் கோடு மூன்றாம் மாதம் திரும்பியது. இப்போது பச்சைக்குள் நிற்கிறது. அவள் வீட்டில் புதிதாக வந்தது ஒரு சின்னக் கிண்ணமும் நாலு கோழியும்தான்.

பரீட்சை நாளில் ரீச்சர் சொன்னதை நினைத்துப் பாருங்கள். புட்டுக் குழைந்தால் மாவைக் குறை சொல்லாமல் விட்ட தண்ணியைப் பார்க்கச் சொன்னார். எங்கள் சாப்பாட்டிலும் குற்றம் சோற்றிலோ தேங்காயிலோ இல்லை. எங்களை அறியாமல் விட்டுக்கொண்டிருக்கும் தண்ணீர் எது என்று பார்க்க வேண்டும்: ஐந்தாவது தேத்தண்ணி, பிள்ளையின் கோப்பையில் மிஞ்சிய சோறு, இரவு பத்து மணிப் பானை வழிப்பு.

இன்றிரவு வீட்டுக்குப் போய் மூன்று காரியம் செய்யுங்கள். ஒரு கிண்ணத்தைக் குறித்து வையுங்கள். பிள்ளையின் கிளினிக் கொப்பியைத் திறந்து கோட்டைப் பாருங்கள். 35 வயது தாண்டியும் இரத்தச் சீனி பார்க்காதவர்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கும் நாளைக் கேட்டு வையுங்கள். பிறகு ஏழு மணிக்குப் பாயைப் போட்டு, உங்கள் கோப்பையையும் போட்டு, பிள்ளைகளோடு இருங்கள்.

இந்தக் கல்லூரி எங்களுக்குச் சமைக்கக் கற்றுத் தந்தது. சாப்பிட இருப்பதை நாங்கள்தான் கற்க வேண்டியிருக்கிறது.